கவலை இருப்பவர்களுக்கு மட்டும்

சிக்னலில் பஸ்ஸை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தபோதுதான் ரோஷிணி அதைப் பார்த்தாள். படியில் ஏறுகிறவர்களைப் பார்ப்பதற்காகத் தலைக்கு மேலே மாட்டியிருக்கும் கண்ணாடி, யாரோ கைபட்டுத் திரும்பியிருந்தது. அதில் அவள் கழுத்து தெரிந்தது. ஒரு மிடறு விழுங்கினாள். தொண்டைக்குழிக்குச் சற்று மேலே, வலது பக்கமாக, என்னவோ ஒன்று தண்ணீரோடு மேலே ஏறி மெல்லக் கீழே இறங்கியது.

மறுபடி விழுங்கினாள். மறுபடியும் ஏறி இறங்கியது.

பச்சை விழுந்ததைக் கவனிக்கவில்லை. பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் ஹாரன் அடிக்க ஆரம்பித்த பிறகுதான் கை ஸ்டியரிங்குக்குப் போனது. பஸ் அதுபாட்டுக்குத் தானாக ஓடக்கூடியதுதான். ஆனாலும் ஓட்டுநர் இருக்கையில் ஒரு மனுஷர் கண்விழித்து உட்கார்ந்திருக்க வேண்டும், அவர் கை ஸ்டியரிங்கில் பட்டால்தான் நின்ற வண்டி நகர வேண்டும் என்று சட்டம். சிங்காநல்லூரிலிருந்து வடவள்ளி வரைக்கும் அந்த மனுஷர் ரோஷிணிதான். வடவள்ளி போய்ச் சேர்வதற்குள் பாட்டில் தண்ணீர் முழுவதையும் குடித்துத் தீர்த்திருந்தாள். தாகத்துக்காக அல்ல.

மகள் மிதுனா பிறந்ததிலிருந்தே ரோஷிணிக்குத் தைராய்டு குறைவு. முதலில் அதை யாரும் நோய் என்று சொல்லவில்லை, சோம்பேறித்தனம் என்றார்கள். படுத்தால் எழுந்திருக்க மனசு வராது. சித்திரை வெயிலில் கால் குளிரும். கொஞ்சமாகச் சாப்பிட்டாலும் முகம் உப்பும், சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வரும், வாயில் இருக்கிற பெயர் வெளியே வராது. பிறகு மாத்திரை. விடிந்ததும் வெறும் வயிற்றில் அதைப் போட்டுக்கொண்டு, காபி வாசத்தை மட்டும் முகர்ந்தபடி காத்திருக்க வேண்டும். அதற்கும் பிறகு வந்ததுதான் மணி.

பெயர்தான் மணி. அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது. மேல்கையில் தோலுக்கடியில் வைத்து விடுவார்கள். ரத்தத்தை அதுவே பார்த்துக்கொள்ளும், குறைகிறபோது மருந்தை அதுவே கசியவிடும். ஊரில் பாதிப்பேர் கையில் இப்போது மணி இருந்தது. சர்க்கரைக்கு, பிரஷருக்கு, தைராய்டுக்கு என்று. எல்லா மணிகளும் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தது சமன் மையம்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் மையத்தைக் கூப்பிட்டாள். மையத்தின் குரல் இனிமையானது, மனிதக் குரல் அல்ல.

"உங்கள் ஹார்மோன் அளவு சீராக இருக்கிறது ரோஷிணி. கவலைப்படும்படி எதுவும் இல்லை."

"கழுத்துல கட்டி மாதிரி தட்டுப்படுதுங்க. ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்தா தேவலை."

"கழுத்தில் ஏதோ இருப்பது போன்ற உணர்வு தைராய்டு குறைவு உள்ளவர்களுக்கு இயல்பானது. ஸ்கேன் தேவைப்படவில்லை. வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

வேறு உதவி எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

அவள் புருஷன் சபரீஷ் பீளமேட்டில் பம்ப் செட் பட்டறை வைத்திருந்தான். கிரீஸ் போகக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து, விளக்கு வெளிச்சத்தில் அவள் கழுத்தைத் தடவிப் பார்த்தான்.

"இருக்கற மாதிரியும் இருக்குது, இல்லாத மாதிரியும் இருக்குது ரோஷி."

"நல்லா அமுக்கிப் பாருங்க மாமா."

"அமுக்கினா வலிக்காதா?"

"வலிக்கலை. அதுதான் எனக்குப் பயமா இருக்குது."

நேரில் போய்க் கேட்பது என்று முடிவானது. மையத்தில் மனித டாக்டர்கள் சிலர் இன்னும் இருந்தார்கள். ஃபர்ஹானா என்கிற டாக்டரைப் பார்க்க ஒரு வாரம் காத்திருந்தாள். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட, அவசரப்படாத பெண்மணி. ரோஷிணியின் பின்னால் நின்று இரண்டு கை விரல்களையும் கழுத்தில் வைத்து, விழுங்கச் சொன்னார். பக்கத்திலிருந்த டம்ளர் காலியாகும் வரைக்கும் விழுங்கச் சொன்னார்.

"ஏதோ இருக்கு," என்றார் உட்கார்ந்தபடி.

அந்த வார்த்தைக்காகத்தான் வந்திருந்தாள். இருந்தும் அது காதில் விழுந்ததும் காலி டம்ளரை எடுத்து இன்னொரு தடவை விழுங்கப் பார்த்தாள்.

"அப்ப ஏனுங்க டாக்டர் ஸ்கேன் வேண்டாங்கறாங்க?"

"முன்னாடியெல்லாம் கேட்டவங்களுக்கெல்லாம் எடுத்தோம். கழுத்துல ஸ்கேன் வெச்சா நிறைய பேருக்கு ஏதாவது ஒண்ணு தெரியும். சும்மா கிடக்கற கட்டி. சாகற வரைக்கும் ஒண்ணும் பண்ணாது. ஆனா பாத்துட்டா மனசு கேக்குமா? அறுத்துட்டாங்க. சில பேருக்குக் குரல் போச்சு. சில பேருக்குக் கால்சியம் குறைஞ்சு கை கால் இழுத்துக்கிச்சு. தேவையில்லாம கழுத்தை அறுக்கக் கூடாதுன்னுதான் ஸ்கேனைக் கட்டுப்படுத்தற சட்டம் வந்துச்சு. அது வந்தப்ப நானே கைதட்டினேன்."

"அப்ப எனக்கு இருக்கறதும் சும்மா கிடக்கறதுதானுங்களா?"

"முக்காவாசிப் பேருக்கு அப்படித்தான். அதுக்கும் மேலயே."

"மிச்சப் பேருக்கு?"

டாக்டர் பேனாவை மூடினார்.

"மணிக்குத் தெரியாதுங்களா?"

"மணிக்கு ரத்தம் தெரியும். ரத்தத்துல காட்டாத கட்டியெல்லாம் இருக்கு. படம் எடுத்து, ஊசியால கொஞ்சம் உறிஞ்சி எடுத்துப் பாத்தாத்தான் சொல்ல முடியும்." சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "நோயாளிக்கே கவலை இருந்தா, ஒருத்தருக்கு ஒரு தடவை என் சொந்தப் பொறுப்புல ஸ்கேன் கேக்க எனக்கு அனுமதி உண்டு. உங்களுக்குக் கேக்கறேன். வரிசை நீளம். ரெண்டு மாசம் ஆகும்."

வெளியே போய் எடுக்கவும் வழியில்லை. மையத்துக்கு வெளியே ஸ்கேன் வைத்திருப்பது குற்றம். எல்லை தாண்டிப் பாலக்காட்டுக்குப் போனால்கூட முதலில் கையை நீட்டச் சொல்லி மணியைத்தான் பார்ப்பார்கள், மையத்தின் அனுமதி இல்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ரெண்டு மாசம்தானே என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். அவளும் சொல்லிக்கொண்டாள். ஆனால் விரல் கேட்கவில்லை. பல் தேய்க்கும்போது கழுத்துக்குப் போகும். தோசை திருப்பும்போது போகும். ரொம்ப நேரம் தொட்டால் பெரிசானது மாதிரி இருக்கும். தொடாமல் இருந்தால் அதற்குள் பெரிசாகியிருக்குமோ என்று இருக்கும். குரல் கம்மியிருக்கிறதா என்று மிதுனாவிடம் கேட்டாள். அவள் இல்லை என்றாள். சாயங்காலம் மறுபடி கேட்டாள்.

"காலைலயே சொன்னேனேம்மா!"

"காலைல இருந்த மாதிரியே இப்பவும் இருக்கான்னுதான் கேக்கறேன்."

இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. பழைய அசதி திரும்பியிருந்தது. கால் குளிர்ந்தது. மணி எல்லாம் சரி என்றது. இந்த அசதி தைராய்டால் வந்ததா, கட்டியால் வந்ததா, தூக்கம் கெட்டதால் வந்ததா என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இத்தனை வருஷம் தன்னோடு இருந்த உடம்பு சொல்வதில் எதை நம்புவது, எதை விடுவது என்று புரியாமல் தவித்தாள்.

பஸ் முதலாளி ஒருநாள் போனில் கூப்பிட்டார். நல்ல மனுஷர், அதனாலேயே சுற்றி வளைத்துப் பேசினார்.

"உங்க மணி இங்க ஒரு தகவல் அனுப்பியிருக்குதுங்கம்மா. மனசு சரியில்லாத ஓட்டுநரை வண்டில உக்கார வெக்கக் கூடாதுன்னு மையத்துல சொல்றாங்க. தப்பா நெனைச்சுக்காதீங்க. கொஞ்ச நாள் வீட்டுல இருங்க. சரியானதும் அதுவே சொல்லிடும், அப்ப வாங்க."

பஸ் இருந்தவரைக்கும் கை இரண்டும் ஸ்டியரிங்கிலாவது இருந்தது. இப்போது நாள் முழுக்கக் கழுத்தில் இருந்தது.

ஒருநாள் மத்தியானம் மிதுனா காலேஜிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டாள். அம்மா சமையலறைத் தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் பருப்பு தீய்ந்துகொண்டிருந்தது. கழுத்தின் வலது பக்கம் கன்றிப்போய், நீலமும் சிவப்புமாக ஒரு திட்டு. அழுத்தி அழுத்திப் பார்த்ததில் வந்தது. இப்போது அந்த இடம் முழுக்கவே வீங்கியிருந்தது. அதனால் கட்டி எது, வீக்கம் எது என்று தெரியவில்லை. அதற்காக அவள் அழுதுகொண்டிருந்தாள்.

மையத்திலிருந்து சபரீஷுக்கு அழைப்பு வந்தது அன்றைக்குத்தான். முதல் அழைப்பு அல்ல. மணிக்குள் இன்னொரு அறை உண்டு. அதில் இருக்கும் மருந்து மனசை அமைதிப்படுத்தும். சம்பந்தப்பட்டவர் தானாகத் தீர்மானம் எடுக்கும் நிலையில் இல்லை என்று மையம் கருதினால், வீட்டில் ஒருவர் சம்மதித்தால் போதும், அறை திறந்துகொள்ளும். இதற்கு முன் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லியிருந்தான். இந்த முறை யோசித்துச் சொல்வதாகச் சொன்னான். யோசித்ததை அவளிடம் மறைக்கவும் இல்லை.

"வேண்டாம் மாமா," என்றாள் ரோஷிணி. கெஞ்சுகிற குரல் இல்லை. அவன் அதற்குத்தான் அதிகம் கலங்கினான். "எனக்கு இருக்கறது பைத்தியமில்லை. கழுத்துல ஒண்ணு இருக்குது, அது என்னன்னு தெரியலை, அதனால பயப்படறேன். இதுல என்ன தப்பு?"

"தப்புன்னு யார் சொன்னா? உன்ற கழுத்தைக் கண்ணாடில பாத்தியா? இந்தப் பிள்ளை உன்னைத் தரைல பாத்துட்டு எப்படி நடுங்குச்சுன்னு தெரியுமா? ஸ்கேன் வரைக்கும்தான் ரோஷி. எடுத்துப் பாத்துட்டு மூடச் சொல்லிரலாம்."

"பயம் போயிருச்சுன்னா எனக்காக யாரு கேப்பா?"

"நான் கேக்கறேன். நான் இல்லையா?"

சபரீஷ் போனில் கட்டைவிரலை வைத்தபோது அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் விழித்தபோது வெயில் கட்டில்வரைக்கும் வந்திருந்தது. இவ்வளவு நேரம் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று நினைத்தாள். எழுந்து காபி போட்டாள். காபி நன்றாக இருந்தது. கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். அது அங்கேயேதான் இருந்தது, உருண்டையாக, கொஞ்சம் கெட்டியாக. இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது. கையை எடுத்துவிட்டுக் கறிவேப்பிலை ஆய உட்கார்ந்தாள்.

அந்த வாரமே முதலாளி கூப்பிட்டுவிட்டார். பஸ்ஸில் உட்கார்ந்ததும் கண்ணாடியைச் சரிசெய்தாள். இப்போது அதில் படிக்கட்டு தெரிந்தது. மிதுனாவோடு சிரித்துப் பேசினாள். அவளுக்குப் பிடித்த பச்சைப்பயறு கடைந்து வைத்தாள். கன்றியிருந்த தோல் ஆறிப் பழைய நிறத்துக்கு வந்தது. வீடு பழையபடி ஆயிற்று என்று சபரீஷ் நிம்மதிப்பட்டான். சாமி படத்துக்கு முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நின்றான்.

வடவள்ளியில் வண்டி நின்றிருந்த ஒரு காலை வேளையில் மையத்தின் குரல் கூப்பிட்டது.

"ரோஷிணி, உங்கள் ஸ்கேனுக்கான முறை அடுத்த வாரம் வருகிறது. கழுத்தைப் பற்றிய கவலை இன்னும் இருக்கிறதா?"

அவள் நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். மனசுக்குள் தேடினாள். எங்கேயும் அகப்படவில்லை.

"இல்லீங்க."

"மகிழ்ச்சி. உங்களுக்குப் பின்னால் பலர் காத்திருக்கிறார்கள். உங்கள் முறையை விட்டுக்கொடுக்க விருப்பமா?"

தன்னைப்போலவே எவளோ ஒருத்தி எங்கேயோ கழுத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தாள். பாவம், அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கும்.

"அவங்களுக்கே குடுத்திருங்க," என்றாள். நல்ல காரியம் செய்த திருப்தியோடு வண்டியை எடுத்தாள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது வேறு எதையோ பேசிக்கொண்டிருந்த நடுவில் இதைச் சொன்னாள். சபரீஷின் கையிலிருந்த கவளம் தட்டில் விழுந்தது.

"என்ன சொன்னே?"

"வேண்டாம்னுட்டேன் மாமா. எனக்கு ஒண்ணுமில்லை. நல்லாத்தான் இருக்கறேன்."

அவன் எழுந்து வந்து கழுவாத கையோடு அவள் கழுத்தைத் தொட்டான். இப்போது இருக்கிற மாதிரி, இல்லாத மாதிரி என்கிற பேச்சுக்கே இடமில்லை. அவன் முகம் வெளுத்ததை அவள் பார்த்தாள். இதற்கு ஏன் இப்படி வெளுக்கிறான் என்று ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் பட்டறையைப் பூட்டிவிட்டு அவளை மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். டாக்டர் ஃபர்ஹானா பழையபடி பின்னால் நின்று விரல்களை வைத்தார். இந்த முறை ஒரே ஒரு தடவைதான் விழுங்கச் சொன்னார். போதும் என்று கையை எடுத்துவிட்டார்.

"போன தடவைக்கு இப்ப..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"எழுதிக் குடுங்க டாக்டர். மறுபடி வரிசைல போடுங்க."

"என் பொறுப்புல ஒரு தடவைதான் கேக்க முடியும்னு அன்னைக்கே சொன்னேன். கேட்டேன். அவங்களே வேண்டாம்னு சொல்லிட்டாங்க. விட்டுக்குடுத்த முறையைத் திரும்ப வாங்கணும்னா அவங்கதான் கேக்கணும். கவலை இருக்கறவங்களுக்கு மட்டும்தான் ஸ்கேன். சட்டம் அப்படித்தான் இருக்கு."

"எனக்கு இருக்குதுங்களே கவலை!"

"ஸ்கேன் உங்க கழுத்துக்கு இல்லையே சார்."

"சரிங்க, அந்த ரெண்டாவது அறையை மூடிருங்க. நான்தானே திறக்கச் சொன்னேன். இப்ப நானே மூடச் சொல்றேன்."

"திறக்கத்தான் வீட்டு ஆள் சம்மதம். இப்ப அவங்க நிதானமா இருக்காங்கன்னு மணி சொல்லுது. தானா முடிவெடுக்கற நிலைமையில இருக்காங்க. மூடறதுன்னா அவங்க வாயால கேக்கணும்." டாக்டர் குரலைத் தணித்துக்கொண்டார். "நான் என்ன பண்ணட்டும் சொல்லுங்க. இந்த ரூமுக்குள்ள என் கையில இப்ப ஒண்ணுமில்லை."

சபரீஷ் ரோஷிணியின் முன்னால் வந்து, நாற்காலியின் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

"ரோஷி, எனக்காக. மூடச் சொல்லு. பயமா இருக்குன்னு சொல்லு."

அவன் கண் கலங்கியிருந்தது. அவளுக்கு அவன்மேல் ரொம்பப் பிரியமாக இருந்தது. அவன் கேட்டு எதைத்தான் அவள் மறுத்திருக்கிறாள்? மேஜைமேல் இருந்த, மையத்தின் குரல் வரும் கருவிப் பக்கம் குனிந்து சொன்னாள்:

"எனக்குப் பயமா இருக்குதுங்க. அந்த அறையை மூடிருங்க."

கருவியிலிருந்து குரல் வந்தது. "நன்றி ரோஷிணி. உங்கள் மணி அப்படிச் சொல்லவில்லை. நீங்கள் வேறொருவரின் வற்புறுத்தலால் பேசுவதாகத் தெரிகிறது. உங்கள் அமைதியைப் பாதுகாப்பது எங்கள் கடமை."

சபரீஷ் கருவியை அறைந்தான். காவலாட்கள் வந்து அவனை வெளி வராந்தாவுக்குக் கொண்டுபோனார்கள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவன் கைகளை ஆட்டி யாரிடமோ சொல்லிக்கொண்டே இருந்தான். சத்தம் கேட்கவில்லை. வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

வெள்ளைச் சட்டை போட்ட ஒரு இளம்பெண் ரோஷிணியிடம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரருக்கும் மணி இருக்குதுங்களே, சர்க்கரைக்கு வெச்சது. அது இப்ப ரொம்பத் துடிக்குது. இப்படியே விட்டா அவர் உடம்புக்கு ஆகாது. அவரைக் கேட்டா மாட்டேங்கறார். வீட்டுல ஒருத்தர் சம்மதம் குடுத்தாப் போதும்."

ரோஷிணி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். அவன் இப்போது சுவரில் நெற்றியை வைத்து அழுதுகொண்டிருந்தான். அன்றைக்குச் சமையலறைத் தரையில் தான் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்ததே தவிர, அந்த வலி வரவில்லை. அதற்குப் பிறகு வந்த காலையும் ஞாபகம் வந்தது, கட்டில்வரைக்கும் வந்த வெயில், அந்தக் காபி.

அவன் ஏன் இப்படிக் கஷ்டப்பட வேண்டும்?

அந்தப் பெண் போனை நீட்டினாள். ரோஷிணி கட்டைவிரலை வைத்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சபரீஷ் நன்றாகத் தூங்கி எழுந்தான். இரண்டு பேரும் வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து காபி குடித்தார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் மனசு லேசாக இருந்தது. பேச்சுவாக்கில் அவன் கையை நீட்டி அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தான்.

"பெரிசாத்தான் ஆயிருக்குது."

"ஆமா மாமா. விழுங்கறப்பக்கூடக் கொஞ்சம் இடிக்குது."

"இன்னொரு வாய் காபி ஊத்தட்டுமா?"

மிதுனா கதவருகில் வந்து நின்றதை அவர்கள் கவனிக்கவில்லை. எவ்வளவு நேரமாக நின்றிருந்தாளோ தெரியாது. அவள் கையில் இன்னும் மணி வைக்கவில்லை, வைக்க வேண்டிய நோய் எதுவும் அவளுக்கு வந்ததில்லை. கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், மறுபடி அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, ஏம்ப்பா இப்படிப் பேசறீங்க? யாராவது ஏதாவது பண்ணுங்களேன்," என்றாள். சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்து, உடம்பெல்லாம் ஆட ஆரம்பித்தது.

ரோஷிணி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய், மகளின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். பிள்ளை முகம் ஜில்லென்று இருந்தது. பார்க்கவே பாவமாக இருந்தது.

"உனக்கு ரொம்பக் கவலையா இருக்குதா கண்ணு?" என்று கேட்டாள்.